எண் இடிக்கிறதா? உடல் அளவெடுப்புப் பிழைகளை அறிகுறி வைத்துத் தேடும் வழி

மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் சுகாதார ஆய்வுக்காக உயரம், எடை, சுற்றளவு, கொழுப்பு சதவீதம் எடுக்கும் ஃபீல்டு குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். அளவெடுத்த அன்று எல்லாம் சரியாகத்தான் தெரியும். பிறகு ஒருநாள் எக்செல்லில் வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, போன தடவை 154 செ.மீ. இருந்த ஒரு அம்மா இப்போது 151 ஆகியிருப்பார். ஒல்லியான ஒரு தம்பிக்கு 34 சதவீதம் கொழுப்பு என்று இருக்கும். அங்கிருந்து எப்படிப் பின்னால் போவது என்பதுதான் இங்கே விஷயம்.

எந்த எண் இடித்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது அளந்த எண்ணா, கணக்கிட்ட எண்ணா? உயரம், எடை, சுற்றளவு, தோல்மடிப்பு (தோலைக் கிள்ளிப் பிடித்து அளக்கும் தடிமன்), மின்தடை (கொழுப்பு மெஷின் உடம்பில் அளப்பது) எல்லாம் அளந்தவை. பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது), கொழுப்பு சதவீதம், தசை எடை, குழந்தைகளின் இசட் மதிப்பு (அதே வயதுக் குழந்தைகளின் நடு அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற எண்) எல்லாம் கணக்கிட்டவை. கணக்கிட்ட எண் இடித்தால் அதைத் தொடாதீர்கள். அதற்குப் பின்னால் நிற்கும் அளந்த எண்ணுக்குப் போங்கள். அதுவும் இடித்தால் ஃபார்ம், அப்புறம் கருவி, அப்புறம் கை. ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு "இது 161 ஆகத்தான் இருக்கும்" என்று ஊகித்துத் திருத்துவது மட்டும் கூடாது. அப்படித் திருத்திய எண்ணை அப்புறம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பெரியவர்களின் உயரம் இரண்டாம் முறை மாறிவிட்டது

எத்தனை பேருக்கு மாறியிருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தால் தவறு ஸ்டாண்டில் இருக்கிறது. துண்டு துண்டாகப் பொருத்தும் உயர ஸ்டாண்டில் ஒரு மூட்டு முழுவதும் உட்காராமல் 3 மி.மீ. இடைவெளி விட்டிருந்தால், அதற்கு மேலே உள்ள கோடுகள் எல்லாம் 3 மி.மீ. மேலே ஏறி நிற்கும், எல்லோரும் குள்ளமாகிவிடுவார்கள். இதைப் பிடிக்கச் சுலபமான வழி உண்டு. ஹார்ட்வேர் கடையில் ஒரு அலுமினியக் குழாயை ஒன்றரை மீட்டருக்கு வெட்டி வாங்கி, இரும்பு அளவுகோலால் ஒருமுறை சரியாக அளந்து அதன் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள். தினமும் காலையில் முதல் வீட்டுக்குப் போகும் முன் அந்தக் குழாயை ஸ்டாண்டில் நிறுத்தி அளந்து குறியுங்கள். அந்தக் குறிப்பு இருந்தால் எந்தத் தேதியிலிருந்து ஸ்டாண்டு கெட்டது என்பது தெரிந்துவிடும்.

சிலருக்கு மட்டும் மாறியிருந்தால் தரையைப் பாருங்கள். சால் வீட்டில் (வரிசையாகக் கட்டிய மும்பைக் குடியிருப்பில்) ஒற்றை அறைதான். அதன் ஒரு மூலையில் மோரி (குளிக்கவும் பாத்திரம் கழுவவும் உள்ள இடம்) இருக்கும், தண்ணீர் ஓட வேண்டும் என்பதற்காகத் தரையையே அந்தப் பக்கம் சாய்த்துத்தான் போட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஸ்டாண்டின் அடித்தட்டை வைத்தால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடும். ஆள் ஏறி நின்றதும் தண்டு பின்னால் சாயும், தலைப்பலகையின் ஒரு விளிம்பு மட்டும் தலையில் படும். வாசலுக்குப் பக்கத்துத் தரை பெரும்பாலும் மட்டமாக இருக்கும். அதுவும் சரிப்படவில்லை என்றால் சந்தில் சிமெண்ட் போட்ட இடத்தில் வையுங்கள். ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் கிடைக்கும் ரசமட்டம் ஒன்று பையில் இருக்கட்டும்.

அடுத்தது தலை. கொண்டை, கிளிப், மாட்டுங்காவில் வாங்கிச் சூடிய மல்லிகை, எல்லாமே தலைப்பலகைக்கு அடியில் போகும். கொண்டையை அவிழ்க்கச் சொல்லக் கூச்சப்படுகிற புதுப் பிள்ளைகள் "அழுத்திப் பார்த்துக்கிட்டேன் மேடம்" என்பார்கள். அழுத்தினாலும் நெருக்கிக் கட்டிய கொண்டை முழுதாக அமுங்காது. கொண்டையைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கழுத்துப் பக்கம் முடிந்துகொள்ளச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

முகவாயும் பார்க்க வேண்டும். கண்குழியின் கீழ் விளிம்பும், காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேடும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். "நேராப் பாருங்க" என்று சொன்னால் ஆட்கள் ஸ்டூடியோவில் போட்டோவுக்கு நிற்பது போல முகவாயைத் தூக்குவார்கள். உச்சந்தலை பின்னால் இறங்கி உயரம் குறையும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் நேரத்தைப் பாருங்கள். காலையில் எழுந்ததிலிருந்து மாலைக்குள் முதுகுத்தண்டின் வட்டுகள் அமுங்கி, உயரம் ஒரு செ.மீ. அளவுக்குக் குறைவது எல்லோருக்கும் உண்டு. "இரண்டு தடவையும் காலை பத்து மணிக்குத்தான் எடுத்தோம்" என்பது தாராவியில் போதாது. இட்லி வியாபாரம் செய்யும் ஒருவருக்குக் காலை பத்து மணி என்பது விடியலுக்கு முன்னால் எழுந்து, மாவோடு மல்லுக்கட்டி, தலைச்சுமையோடு சுற்றி முடித்த நேரம். எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதையும் ஃபார்மில் ஒரு கட்டம் போட்டு எழுதுங்கள்.

ஒரு செ.மீ.க்கு இவ்வளவு பாடா என்று கேட்டால், இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 56 கிலோ எடையுள்ள பெண் 150 செ.மீ. என்றால் பிஎம்ஐ 24.9. அதே பெண்ணை 149 என்று எழுதினால் 25.2. இந்தியர்களுக்கான 2009 ஒருமித்த பரிந்துரைப்படி 25 என்பது உடல் பருமனின் வாசற்படி. கொண்டையும் முகவாயும் சேர்ந்து ஒருவரை அந்தப் படிக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும்.

எடை மெஷின் ஒவ்வொரு முறையும் ஒரு எண் காட்டுகிறது

இது சீக்கிரம் முடிகிற கதை. பாய், மேட், லினோலியம் மேல் வைக்காதீர்கள். ஆடும் டைல்ஸ் மேல் வைக்காதீர்கள். இடம் மாற்றினால் அணைத்துவிட்டு மறுபடி பூஜ்யம் காட்ட விடுங்கள். பேட்டரி தீரப்போகும்போதும் சில மெஷின்கள் தாறுமாறாகக் காட்டும். தெரிந்த எடை ஒன்றைக் குழாய் போலவே தினமும் வைத்துப் பாருங்கள். அளவுச் சட்ட முத்திரை உள்ள 5 கிலோ படிக்கற்கள் நான்கு போதும். 20 கிலோவில் சரியாக இருந்து 60-இல் தவறும் மெஷின்களும் உண்டு, அதனால் மாதம் ஒருமுறையாவது அதிக எடையிலும் சோதியுங்கள்.

மெஷின் சரி, ஆள் மட்டும் மாறுகிறார் என்றால் மொபைல், சாவிக்கொத்து, சுருக்குப்பை. புடவையின் எடையைப் பொதுவாக ஒரு எண் வைத்துக் கழிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நைலக்ஸ் புடவையும் பட்டுப் புடவையும் ஒரே எடையா? கழிக்காமல் என்ன உடுத்தியிருந்தார் என்று எழுதுங்கள், அடுத்த முறையும் அதே மாதிரி உடையில் எடுங்கள். வீட்டில் நைட்டியில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனால் எடைக்கும் நல்லது, அடுத்து வரும் டேப்புக்கும் நல்லது.

கர்ப்பிணிகளும் கடந்த இரண்டு மாதத்துக்குள் பிரசவித்தவர்களும் பிஎம்ஐ கணக்கில் வந்துவிட்டார்களா என்றும் ஒருமுறை பாருங்கள். தேசிய குடும்பநல சர்வே அவர்களை விட்டுவிட்டுத்தான் கணக்கிடுகிறது.

இடுப்புச் சுற்றளவு அளவெடுப்பவருக்கு அளவெடுப்பவர் மாறுகிறது

எல்லா அளவுகளிலும் அதிகம் சண்டை வருவது இதில்தான்.

முதல் கேள்வி, டேப்பை எங்கே வைத்தார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் முறையில் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில். அமெரிக்க தேசிய சர்வேயின் முறையில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பை ஒட்டி. சிலர் தொப்புள் மட்டத்தில் வைக்கிறார்கள், சிலர் இருப்பதிலேயே ஒடுங்கிய இடத்தில். பெண்களுக்கு இந்த இடங்களுக்கு நடுவே பல செ.மீ. வித்தியாசம் வரும். எந்த முறை என்று குழுவில் ஒருவரை ஒருவர் கேட்காமலே நான்கு பேர் நான்கு இடத்தில் அளந்துகொண்டிருப்பார்கள். ஆளாளுக்குத் தனியாகக் கூப்பிட்டு, ஒரே ஆளின் உடம்பில் பேனாவால் குறி வைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தொப்புளை மட்டும் நம்ப வேண்டாம். தொப்பை தொங்கினால் அதுவும் சேர்ந்து இறங்கும். எலும்பு இறங்காது.

நம்மூர்ப் பெண்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. வருடக்கணக்காகப் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக் கட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். டேப்பைப் பக்கத்தில் வைத்தாலே வழுக்கி அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்ததும் அளவெடுப்பவருக்கும் திருப்தி, ஏனென்றால் டேப் அசையாமல் நிற்கிறது. அளவோ குறைந்துவிடும். நாடாவைத் தளர்த்தச் சொல்லி, குறி வைத்த இடத்தில் மட்டும் டேப் இருக்கிறதா என்று பின்பக்கம் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் முன்னால் சரியாக இருக்கும், முதுகுப் பக்கம் இறங்கியிருக்கும்.

டேப்பின் இறுக்கம் அடுத்தது. தையல் வேலை தெரிந்த பெண்கள் தாராவியில் நிறைய பேர் நம் குழுவுக்கு வருகிறார்கள், டேப்பைப் பிடிக்கும் கை அவர்களுக்கு அழகாக வரும். ஆனால் பிளவுஸுக்கு அளவெடுத்த பழக்கத்தில் ஒரு விரல் லூஸ் விட்டுத்தான் படிப்பார்கள். அவர்களுடைய அளவுகள் எல்லாம் மற்றவர்களைவிடத் தொடர்ந்து கூடுதலாக இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். குலிக் டேப்பில் ஸ்பிரிங் இருப்பதால் இழுக்கும் விசை எல்லோர் கையிலும் ஒன்றாக இருக்கும். 2019-21 தேசிய குடும்பநல சர்வேயில் இடுப்பு, பிட்டச் சுற்றளவை முதல்முறையாகச் சேர்த்தபோது குலிக் டேப்பைத்தான் கொடுத்தார்கள். அந்த சர்வேயை நடத்தும் ஐஐபிஎஸ் என்ற மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் நம் தேவ்னாரில்தான் இருக்கிறது. உங்கள் எண்ணை அவர்கள் எண்ணோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், அவர்களுடைய கையேட்டைப் படித்துவிட்டு அதே இடத்தில் டேப்பை வையுங்கள். துணி டேப், நார் டேப் எதுவானாலும் நாள்பட நீளும்; இரும்பு அளவுகோலோடு மாதம் ஒருமுறை வைத்துப் பார்த்து, நீண்டதைக் குப்பையில் போடுங்கள்.

கடைசியில் மூச்சு. சாதாரணமாக மூச்சை வெளிவிட்டு முடிக்கும் நேரத்தில் படிக்க வேண்டும் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. ஆனால் டேப்பைப் பார்த்ததும் எல்லோரும் வயிற்றை உள்ளே இழுப்பார்கள். "மூச்சை விடுங்கக்கா" என்றால், முதலில் ஒரு பெரிய மூச்சை இழுத்துக்கொண்டுதான் விடுவார்கள். அதற்குப் பதில் டேப்பைச் சுற்றிவிட்டுப் பேச்சுக் கொடுங்கள்.

"அக்கா, உங்களுக்கு ஊர்ல எந்தப் பக்கம்?"

"திருநெல்வேலிதான். நாங்குநேரி தாண்டிப் போகணும். நீ எந்த ஊரும்மா?"

அந்தக் கேள்வி முடிகிற இடத்தில் அக்காவின் மூச்சு தானாக வெளியே போயிருக்கும், வயிறு அதன் பாட்டுக்குத் தளர்ந்திருக்கும். அப்போது படியுங்கள். உங்கள் ஊரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

பெண்களுக்குப் பெண்தான் அளவெடுக்க வேண்டும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒற்றை அறை வீட்டில் மாமனாரும் மைத்துனரும் உட்கார்ந்திருக்கும்போது எடுத்த அளவு அவசரத்தில் எடுத்த அளவாகத்தான் இருக்கும். ஒரு பழைய புடவையும் இரண்டு கிளிப்பும் பையில் இருந்தால் திரை ஆயிற்று.

எல்லா எண்களும் 0-விலோ 5-இலோ முடிகின்றன

மி.மீ. வரை படிக்கச் சொல்லியிருக்கிறோம் என்றால், கடைசி இலக்கத்தில் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வர வேண்டும். 0-வும் 5-ம் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டி நிறைய வந்தால், யாரோ டேப்பைப் பார்த்துவிட்டு ரவுண்டு செய்கிறார். அளவெடுப்பவர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள், ஒரே ஆளாகத்தான் இருப்பார். திட்டுவதால் பயனில்லை; திட்டினால் 0, 5 போய் 2-ம் 7-ம் நிறைய வர ஆரம்பிக்கும். ஒருவர் படிக்க, இன்னொருவர் சத்தமாகத் திருப்பிச் சொல்லி எழுதட்டும். கண்ணாடி போட வேண்டிய வயதில் கண்ணாடி போடாமல் படிக்கிறாரா என்றும் கேளுங்கள். கேட்கவே தோன்றாத காரணம் அது.

தோல்மடிப்பு ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வருகிறது

முதல் தடவை 22 மி.மீ., அடுத்து 20, அடுத்து 19 என்று இறங்கினால், ஒரே இடத்தை விடாமல் கிள்ளிக் கிள்ளி அங்கிருந்த நீரை அமுக்கி வெளியேற்றிவிட்டீர்கள். எல்லா இடங்களையும் ஒரு சுற்று முடித்துவிட்டு இரண்டாம் சுற்றுக்கு வர வேண்டும்.

எண்கள் இறங்காமல் தாறுமாறாகக் குதித்தால் மூன்று விஷயங்கள். விரலால் பிடித்த மடிப்பைக் காலிப்பர் (மடிப்பின் தடிமனை அளக்கும் இடுக்கி) படிக்கும் வரை விடக்கூடாது. காலிப்பரின் வாய் விரல்களிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். கைப்பிடியை முழுவதும் விட்ட பிறகு இரண்டு வினாடி கழித்துப் படிக்க வேண்டும். உடனே படித்தால் கூடுதல், எண்ணிக்கொண்டே நின்றால் குறைவு. மேற்கையின் பின்பக்க மடிப்புக்கு, தோள்பட்டை எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் டேப் வைத்து அளந்து குறி போடுங்கள், கண்மட்டு வேண்டாம்.

ஆய்வுக் காலிப்பர்களின் ஸ்பிரிங் ஒரு சதுர மி.மீ.க்கு 10 கிராம் அழுத்தம் கொடுக்கும்படி செய்யப்பட்டவை. ஸ்பிரிங் தளர்ந்தால் எல்லோருக்கும் கொழுப்பு கூடும். பிளவுஸ் மேல் காலிப்பர் போடவே கூடாது. தோளெலும்புக்குக் கீழே அளக்க ஒருவர் சம்மதிக்கவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விட்டு, "மறுத்தார்" என்று எழுதினால் போதும்.

கொழுப்பு காட்டும் மெஷின் எர்ரர் காட்டுகிறது, இல்லை காலையில் ஒன்று மாலையில் ஒன்று சொல்கிறது

பிஐஏ மெஷின், அதாவது மின்தடையை வைத்துக் கொழுப்பைக் கணக்கிடும் மெஷின், கொழுப்பைப் பார்ப்பதே இல்லை. மிகச் சிறிய மின்னோட்டத்தை, வழக்கமாக 50 கிலோஹெர்ட்ஸில், ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவாக, உடம்புக்குள் அனுப்பி எவ்வளவு தடை வருகிறது என்று பார்க்கிறது. தசையில் நீரும் உப்பும் இருப்பதால் மின்சாரம் ஓடும், கொழுப்பில் ஓடாது. தடையிலிருந்து உடலின் நீர், நீரிலிருந்து கொழுப்பில்லாத எடை, அதை மொத்த எடையிலிருந்து கழித்தால் மிச்சம் கொழுப்பு. கொழுப்பில்லாத எடையில் சுமார் 73 சதவீதம் நீர் என்ற அனுமானத்தின் மேல்தான் இந்தக் கட்டடம் நிற்கிறது. எனவே நீரைக் குழப்பும் எதுவும் கொழுப்பைக் குழப்பும்.

எர்ரர் என்றால் முதலில் பாதத்தைப் பாருங்கள். செருப்பில்லாமல் ஈரத்திலும் சிமெண்டிலும் நின்று வேலை செய்பவர்களின் குதிகாலில் வெடிப்பும் தடித்த தோலும் இருக்கும். அந்தத் தோல் காய்ந்திருந்தால் மின்சாரம் உள்ளேயே போகாது. ஈரத் துணியால் துடைத்து, தட்டிலும் லேசாக ஈரம் தடவி நிறுத்துங்கள். எண்ணெய் தேய்த்த கால் என்றால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒட்டும் எலக்ட்ரோடு வகை மெஷினாக இருந்தால், திறந்து வைத்த பாக்கெட்டில் ஜெல் காய்ந்திருக்கும். புதிய பாக்கெட்டைப் பிரியுங்கள்.

எர்ரர் இல்லை, எண்தான் ஆடுகிறது என்றால் அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உடனே ஏறினால் எடை அரை கிலோ கூடும். ஆனால் வயிற்றில் இருக்கும் தண்ணீரைக் காலிலிருந்து காலுக்கு ஓடும் மின்சாரம் கண்டுகொள்ளாது. தடை மாறாமல் எடை மட்டும் கூடியதால், குடித்த தண்ணீரைப் பெரும்பாலும் கொழுப்பு என்று எழுதிவிடும். வேர்த்து விறுவிறுத்து வந்தவுடன் எடுத்தால் தோல் சூடாக இருக்கும், தடை குறையும், கொழுப்பு குறைந்து தெரியும். அதே ஆளை ஏசி அறையில் அரைமணி உட்கார வைத்து எடுத்தால் தோல் குளிர்ந்து கொழுப்பு கூடித் தெரியும். மே மாதம் சந்தில் எடுத்ததையும் டிசம்பரில் கிளினிக்கில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து "எடை கூடவில்லை, கொழுப்பு கூடிவிட்டது" என்று எழுதும் முன் இதை யோசியுங்கள்.

வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்த பிறகு, அதிகாலையில் எடுங்கள் என்று கையேடு சொல்லும். தாராவியில் அதிகாலை என்பது பெரும்பாலான சந்துகளில் குழாயில் தண்ணீர் வரும் நேரம். குடத்தை விட்டுவிட்டு எந்த அம்மா வந்து மெஷினில் நிற்பார்? என்னைக் கேட்டால், நிறைவேறாத விதியைவிட எல்லோருக்கும் ஒரே மாதிரி நிறைவேறும் விதி நல்லது. தண்ணீர் பிடித்து முடித்து, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழிந்த பிறகு, பத்து நிமிடம் உட்கார வைத்து எடுப்பது என்று வைத்துக்கொண்டு, அதை அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். படுக்க வைத்து எடுக்கும் மெஷின் என்றால் தொடையும் தொடையும், கையும் உடம்பும் தொடக்கூடாது. தொட்டால் மின்சாரம் குறுக்கு வழியில் போய்விடும். நடுவில் துண்டை மடித்து வையுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களையும் கர்ப்பிணிகளையும் இந்த மெஷினில் ஏற்றவே வேண்டாம்.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் விபரீதமான எண் வந்தால் மெஷினில் தட்டிய விவரங்களைப் பாருங்கள். 152-க்குப் பதில் 125, பெண்ணுக்குப் பதில் ஆண், தெரியாமல் அழுத்திய "விளையாட்டு வீரர்" பட்டன். இதற்காகத்தான் வாங்கும்போதே மின்தடை எண்ணைத் தனியாகக் காட்டும் மெஷினாக வாங்கச் சொல்கிறேன். தடை எண் கையில் இருந்தால், தவறாகத் தட்டியதைச் சரிசெய்து மறுபடி கணக்கிடலாம். நாளை நம் மக்களுக்கு இன்னும் பொருத்தமான சூத்திரம் வந்தால் அதில் போடலாம். சதவீதம் மட்டும் காட்டும் மெஷின் ஜிம்முக்குப் போதும்.

பிஎம்ஐ சாதாரணம், கொழுப்பு சதவீதம் அதிகம்

மேலே சொன்னது எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, எண் அசையவில்லை என்றால், இது பிழையே இல்லாமல் இருக்கலாம். இந்தியர்களுக்கு ஒரே பிஎம்ஐயில் ஐரோப்பியர்களைவிடக் கொழுப்பு கூடுதலாக இருப்பது நன்றாகத் தெரிந்த விஷயம். 2004-இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. இது பிறக்கும்போதே தொடங்குகிறது என்பதையும் புனே ஆய்வு காட்டியது: அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5. எடை இவ்வளவு குறைந்தும், தோளெலும்புக்குக் கீழே உள்ள கொழுப்பு மடிப்பு மட்டும் அவ்வளவு குறையவில்லை.

அதனால் இந்த அறிகுறியைக் கண்டதும் கொழுப்பு எண்ணை "சரிசெய்ய" ஓடாதீர்கள். இடுப்புச் சுற்றளவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் கூடுதல் என்றால், இந்தியப் பரிந்துரைப்படி ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80-ஐத் தாண்டினால், இரண்டு அளவும் ஒன்றையொன்று ஆதரிக்கின்றன. இடுப்பு ஒடுங்கி, மடிப்பும் மெலிந்து, மெஷின் மட்டும் 34 என்று சொன்னால்தான் மெஷின் மேல் சந்தேகம்.

இங்கே ஒரு போலிப் பிழையும் வரும். ஒருவர் சர்வதேச எல்லையான 25-ஐ வைத்து "சாதாரணம்" என்று எழுதியிருப்பார், இன்னொருவர் இந்திய எல்லையான 23-ஐ வைத்து "அதிக எடை" என்று எழுதியிருப்பார். பிஎம்ஐ எண்ணை மட்டும் சேமியுங்கள், பெயர் வைப்பது கடைசியில்.

இரண்டு கருவிகள் ஒத்துப்போகவில்லை

தோல்மடிப்பில் 24, பிஐஏவில் 29, டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேனில் 33. எது உண்மை என்று கேட்பார்கள். மூன்றும் மூன்று பாதையில் வந்த மதிப்பீடுகள். தோல்மடிப்புச் சூத்திரங்களில் அதிகம் புழங்கும் டர்னின்-வொமர்ஸ்லி சூத்திரம் 1974-இல் கிளாஸ்கோவில் அளந்தவர்களை வைத்து உருவானது. தோலுக்கடியில் இவ்வளவு இருந்தால் உள்ளே இவ்வளவு இருக்கும் என்ற அவர்களுடைய விகிதத்தை நாங்குநேரிக்காரர் வயிற்றில் பொருத்தினால் குறைத்துத்தான் சொல்லும். அதில் வரும் அடர்த்தியைச் சிரியின் சூத்திரத்தில், 495 ÷ அடர்த்தி − 450 என்று போடுகிறோம். அடர்த்தி 1.05 என்றால் 21.4 சதவீதம், 1.04 என்றால் 26. இரண்டாம் தசமத்தில் ஒன்று நகர்ந்தால் நாலரைப் புள்ளி.

இரண்டு கருவிகளுக்கும் நல்ல தொடர்பு (கோரிலேஷன்) வருகிறது, 0.9 வருகிறது என்று சமாதானம் ஆகாதீர்கள். ஒரு கருவி எல்லோருக்கும் எட்டுப் புள்ளி கூட்டிச் சொன்னாலும் தொடர்பு 0.9 வரும். பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-இல் சொன்ன வழியில், ஒவ்வொருவருக்கும் வித்தியாசத்தை எடுத்து, இரண்டின் சராசரிக்கு எதிரே புள்ளி வையுங்கள். புள்ளிகள் ஒரே உயரத்தில் படுத்திருந்தால் ஒரு நிலையான வித்தியாசம் இருக்கிறது, கணக்கில் சமாளிக்கலாம். குண்டானவர்கள் பக்கம் போகப் போகச் சரிந்தால் சூத்திரமே நம் ஆட்களுக்குப் பொருந்தவில்லை. பாதி ஆய்வில் ஒரு கம்பெனி டெக்ஸாவும் மீதியில் வேறு கம்பெனி டெக்ஸாவும் பயன்படுத்தியிருந்தால், ஒரே ஆட்கள் சிலரை இரண்டிலும் ஸ்கேன் செய்யாமல் அந்த எண்களைச் சேர்க்கவே கூடாது.

டெக்ஸாவில் நகை ஒரு தனிப் பிரச்சினை. வளையல், மெட்டி, கொலுசு, பாவாடையில் குத்திய ஊக்கு எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்றச் சொன்னால் சிலர் ஸ்கேனே வேண்டாம் என்று எழுந்து போய்விடுவார்கள், அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சம்மதம் வாங்கும்போதே இதைப் பேசிவிடுங்கள். மஞ்சள் கயிறில் மாற்றிக்கொண்டு வருபவர்கள் உண்டு. கழற்றாவிட்டால் அப்படியே எடுத்து ஃபார்மில் குறியுங்கள்: மொத்தக் கொழுப்பு எண் பெரிதாக மாறாது, மார்புப் பகுதி எலும்பு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

குழந்தையின் உயரத்துக்கான இசட் மதிப்பு −6-ஐத் தாண்டுகிறது

இந்த எல்லையைத் தாண்டினால் உலக சுகாதார நிறுவன மென்பொருள் நம்ப முடியாதது என்று கொடி காட்டும். உயரத்தைப் பார்க்கும் முன் பிறந்த தேதியைப் பாருங்கள். 03/11 என்பதை 11/03 என்று தட்டினால் குழந்தைக்கு எட்டு மாதம் வயது கூடிவிடும். பிறப்புச் சான்றிதழ் ஊரில் மாட்டிக்கொண்டது என்றால் பாட்டியைக் கேளுங்கள்: பொங்கலுக்கு முந்தியா, கணபதிக்குப் பிந்தியா, ஆடியா ஆவணியா? மாதம் வரை வந்துவிடலாம்.

தேதி சரியென்றால், படுக்க வைத்து எடுத்தார்களா நிற்க வைத்தா என்று பாருங்கள். இரண்டு வயதுக்குக் கீழே படுக்க வைத்து நீளம், மேலே நிற்க வைத்து உயரம். மாற்றி எடுத்திருந்தால் 0.7 செ.மீ. கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய விதி இருக்கிறது, ஆனால் எப்படி எடுத்தோம் என்று எழுதியிருந்தால்தான் அது உதவும். அழும் குழந்தையின் ஒரு காலை மட்டும் பிடித்து நீட்டி எடுப்பதும் அடிக்கடி நடக்கும்.

ஒருவருடைய எண்கள் மட்டும் தனியாக நிற்கின்றன

அவரையும் குழுவில் நன்றாக எடுப்பவரையும் ஒரே பத்துப் பேரை, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் இருவர் அளவின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்திக் கூட்டி, ஆட்களின் எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். அளவெடுப்பின் தொழில்நுட்பப் பிழை என்பது இதுதான். உதாரணத்துக்கு ஐந்து பேரின் இடுப்பில் வித்தியாசங்கள் 0.2, 0.5, 0.3, 0.8, 0.1 செ.மீ. என்றால் பிழை 0.32 செ.மீ. உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தை வளர்ச்சி ஆய்வில், இருவர் அளவுக்கு நடுவே நீளத்தில் 7 மி.மீ., எடையில் 100 கிராம், தோல்மடிப்பில் 2 மி.மீ. தாண்டினால் இருவரும் மறுபடி அளக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அந்த ஆய்வின் இந்திய மையம் தெற்கு டெல்லி.

வித்தியாசம் ஒரே திசையில் இருந்தால், அதாவது அவர் எப்போதும் கூட்டியே எடுத்தால், அவர் வைக்கும் இடமோ இறுக்கமோ தவறு. பக்கத்தில் நின்று ஒரு காலைப்பொழுது பார்த்தால் பிடிபடும். இரண்டு திசையிலும் சிதறினால் அவசரம், அல்லது ஒரு நாளைக்கு அதிக வீடு. அதற்கு அவரை விட்டுவிட்டு அட்டவணை போட்டவரைக் கேளுங்கள்.

அவர் ஏற்கெனவே எடுத்துவிட்ட வீடுகளில் போக முடிந்த வீடுகளுக்குப் போய் இன்னொருவர் மறுபடி அளக்கட்டும், பழைய எண்ணை அழிக்காமல் புதியதைத் தனி நெடுவரிசையில் போடுங்கள். வீடு மாறியவர்கள், ஊருக்குப் போய்விட்டவர்களின் வரிகளை அளவெடுத்தவரின் குறியீட்டோடு அப்படியே விட்டுவைத்து, அவரைச் சேர்த்து ஒருமுறையும் சேர்க்காமல் ஒருமுறையும் கணக்குப் போட்டு, இரண்டு முடிவையும் அறிக்கையில் கொடுங்கள்.